புயல் கரையைக் கடந்தாச்சுன்னு சொன்னது நான்தான்

இதை எப்பவோ எழுதியிருக்கணும். ரெண்டு தடவை ஆரம்பிச்சு பாதியில மூடி வெச்சுட்டேன். சோம்பேறித்தனம்னு சொன்னா என்னைத் தெரிஞ்சவங்க உடனே நம்பிடுவீங்க. ஆனா இந்தத் தடவை அது இல்லை. இந்தக் கதையில ஒரு விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லலை. அதைச் சொல்லாம எழுதினா இது வெறும் மலையேறின கதை. சொன்னா ஒருத்தன் என்னை அடிக்க வருவான். வரட்டும், அவனால இப்பவும் வேகமா ஓட முடியாது.

சேலத்துலேர்ந்து நாமக்கல் வர்ற பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவங்களுக்கு எங்க ஊர்ப்பக்கம் எப்படி இருக்கும்னு தெரியும். தட்டையான தரை. மரவள்ளிக் காடு, சோளக் காடு, கோழிப்பண்ணை, நடுவுல ஒரு சேகோ ஃபேக்டரி. இந்தத் தட்டைச் சுத்தி விளிம்பு மாதிரி மலைங்க. சேர்வராயன் மலை, ஜருகு மலை, போதமலை, அலவாய் மலை, நைனாமலை, கொல்லிமலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒண்ணு நீலமா நிக்கும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. சின்ன வயசுல எண்ணிக்கிட்டே போவோம், எண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்கு வாந்தி வந்துடும். ராசிபுரத்துப் பக்கம் இருக்கற போதமலைக்கு அப்பல்லாம் வளைவே கிடையாது. ஏன்னா அப்ப ரோடே கிடையாது.

மேல கீழூர், மேலூர், கெடமலைன்னு மூணு ஊர். (கீழூரும் மலை மேலதான். பேரைப் பார்த்து ஏமாறாதீங்க.) வடுகம் அடிவாரத்துலேர்ந்து கீழூருக்கு ஏழு கிலோமீட்டர் காட்டு வழி. ரேஷன் அரிசியிலேர்ந்து கட்டில் வரைக்கும் எதுவா இருந்தாலும் அப்பல்லாம் தலையில வெச்சுத்தான் ஏத்துவாங்க. ஒவ்வொரு தேர்தலப்பவும் பேப்பர்ல ஒரு போட்டோ வரும், ஓட்டு மெஷினைத் தலையில சுமந்துக்கிட்டு வரிசையா ஆளுங்க ஏறிப்போவாங்க. பார்த்திருப்பீங்க. அந்த மலைதான்.

எங்க வீட்டுல அந்த போட்டோவுக்குத் தனி மரியாதை. எங்கப்பா வாத்தியார். 2011 ஏப்ரல் 13 சட்டசபைத் தேர்தலுக்கு அவருக்கு கீழூர்ல டூட்டி போட்டாங்க. நான் அப்ப ஒன்பதாவது. (1997ல சேலத்தைப் பிரிச்சு நாமக்கல் மாவட்டம் ஆக்கின அதே வருஷம்தான் என்னையும் உலகத்துக்கு விட்டாங்க. ரெண்டு பேரும் சம வயசு.) அப்பா திரும்பி வந்து அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்னு கணக்கே இல்லை. நாலு மணி நேரம் ஏறினது, ராத்திரி பள்ளிக்கூடத்துல படுத்தது, ராகிக் களியும் மொச்சைக் கொழம்பும் சாப்பிட்டது. கடைசி வரி எப்பவும் ஒண்ணுதான். "நடந்தே ஏறுனேன், நடந்தே எறங்குனேன்." சொல்லும்போதே காலைக் கொஞ்சம் நீட்டிப்பார். நானும் அக்காவும் அவருக்கு முன்னாடியே அந்த வரியைச் சொல்லிட்டுச் சிரிப்போம்.

அன்னைக்கு மெஷின் பெட்டியைச் சுமந்த ஒருத்தர் அப்பாவுக்குப் பழக்கமாயிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை நாமக்கல் வீட்டுக்கு ஒரு பலாப்பழத்தோட வருவார். எங்களுக்கு அவர் கீழூர் அண்ணன்.

இப்ப மேட்டருக்கு வரேன். 2024 நவம்பர் கடைசி. பெங்களூர் ஆபீஸ்லேர்ந்து ஆறு பேர் கிளம்பி எங்க வீட்டுக்கு வந்திருந்தோம். ஒரு சென்னைக்காரன், மார்த்தாண்டத்துக்காரன் ஒருத்தன், பாலக்காட்டுப் பொண்ணு, சாதம் எங்க கிடைக்கும்னு மட்டும் தமிழ்ல கேட்கத் தெரிஞ்ச ஹைதராபாத் தம்பதி, நான். ஏற்காடு போரடிக்குது, கொல்லிமலைக்கு எல்லாரும் போறாங்க, வேற ஏதாவது சொல்லுடான்னு கேட்டாங்க. நான் பெருமையா போதமலையைச் சொன்னேன். 2018ல குரங்கணிக் காட்டுத் தீயில இருபது பேருக்கு மேல செத்தப்புறம் மலையேறுறதுக்கெல்லாம் நிறைய விதிமுறை வந்துடுச்சு. நாங்க ஊர்க்காரர் வீட்டுக்கு விருந்தாளியாப் போறோம், இது டிரெக்கிங்ல சேராதுன்னு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

வானிலைதான் பிரச்சினை. அந்த வாரம் பூரா ஃபெஞ்சல் புயல்தான் பேச்சு. சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையைக் கடந்துச்சு. "கடந்தாச்சு, இனிமே வலுவிழந்துடும், நமக்கு லேசான தூறல்தான்"னு ராத்திரி சாப்பாட்டு நேரத்துல நான் அறிவிச்சேன். கரையைக் கடந்தா புயல் முடிஞ்சுதுன்னு உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு நினைப்பு. கடலோரத்துக்காரங்களுக்கு வேணா காத்தோட பயம் அதோட முடியும். காத்துதான் வலுவிழக்கும், மழை அந்த அளவுக்கு இல்லை. மேகமெல்லாம் தண்ணியைச் சுமந்துக்கிட்டு உள்ள வர ஆரம்பிக்கறதே அப்புறம்தான். இது என்ன பண்ணுச்சுன்னா, கரையேறினதும் நகராம புதுச்சேரி பக்கத்துலயே பல மணி நேரம் நின்னு 45 செ.மீ.க்கு மேல கொட்டிட்டு, அப்புறம் மெதுவா மேற்கே திரும்புச்சு. மேற்கேன்னா திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம். நாங்க. இந்த ஞானமெல்லாம் எனக்கு திங்கட்கிழமைதான் வந்தது.

ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சே முக்காலுக்கு போன். கீழூர் அண்ணன். மேல ஒரு பாறைமேல ஏறி நின்னாத்தான் அவருக்கு சிக்னல் கிடைக்கும். இருட்டுல அங்க போய் நின்னு கூப்பிட்டிருக்கார். "தம்பி, மோடம் கட்டி நிக்கிது. காத்தே இல்ல, எனக்குப் பிடிக்கல. இன்னைக்கு வேணாம் தம்பி, அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க."

சரிண்ணே, பார்க்கறோம்ணேன்னு வெச்சுட்டேன்.

வெளியில வந்தா எல்லாரும் ஷூ மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. "யாரு போன்ல?"ன்னு சென்னைக்காரன் கேட்டான். "கீழூர் அண்ணன்தான். சீக்கிரம் கிளம்பி வரச் சொல்றார்"னேன்.

இதுதான் அந்த விஷயம். எதுக்கு அப்படிச் சொன்னேன்னு பல தடவை யோசிச்சிருக்கேன். பெரிய காரணம் ஒண்ணும் கிடைக்கலை. ரெண்டு நாளா என் ஊரைப் பத்தி அளந்துவிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

வடுகத்துல காரை விட்டுட்டு ஏழரைக்கு ஏற ஆரம்பிச்சோம். அண்ணன் அடிவாரத்துக்கே இறங்கி வந்து நின்னார். நான் வருவேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கோணிப்பையை மடிச்சு தலையில கொங்காணி போட்டிருந்தார், கால்ல ரப்பர் செருப்பு. எங்க ஆறு பேர் ஷூ விலையைக் கூட்டினா ஒரு மாடு வாங்கலாம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. முன்னாடி நடந்தார்.

அடிவாரத்துல கொஞ்ச தூரத்துக்கு மண்ணை வெட்டிப் போட்டு, ஒரு பொக்லைன் நின்னுக்கிட்டிருந்தது. பல வருஷம் வனத்துறை அனுமதிக்காக இழுத்துக்கிட்டிருந்த ரோடு வேலை ஒருவழியா ஆரம்பிச்சிருந்த சமயம். மூணு ஊரையும் சேர்த்து 31 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 140 கோடி ரூபாய்த் திட்டம். வெட்டின மண் மழையில ஊறி முழங்கால் வரைக்கும் உள்ள வாங்குச்சு. அதை விட்டுட்டு பழைய ஒத்தையடிப் பாதையில ஏறினோம்.

பாதி வழி நல்லாத்தான் இருந்தது. தூறல், மூங்கில், பாறைக்கு நடுவுல சின்னதா ஒரு ஓடை, அதுல கணுக்கால் அளவு தண்ணி. ஆர்.கே.நாராயண் பேர்ல இருக்கற 'ஆர்' எங்க ராசிபுரம்தான்னு நான் வழிகாட்டி வேலை பார்த்துக்கிட்டே வந்தேன். மேல இருக்கறவங்க மலையாளிப் பழங்குடின்னு சொன்னதும் பாலக்காட்டுப் பொண்ணுக்கு ஒரே குஷி. "நம்ம ஆளுங்களா?" அண்ணனுக்குச் சிரிப்பு. கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்லை, மலையில வாழறதால வந்த பேர். முன்னோர் காஞ்சிபுரத்துலேர்ந்து வந்த மூணு அண்ணன் தம்பிங்க, ஆளுக்கொரு மலையா பிரிஞ்சு போய்க் குடியேறினாங்கன்னு இவங்க வழிவழியாச் சொல்ற கதை. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை எல்லா இடத்துலயும் இவங்கதான். "அப்ப நீங்க காஞ்சிபுரமாண்ணே?"ன்னு சென்னைக்காரன் கேட்டான். "ஆமா, பஸ் இல்லாத காலத்துல வந்தோம். இன்னும் பஸ் வரல"ன்னார் அண்ணன்.

கீழூர் போய்ச் சேர்ந்தப்ப பதினொண்ணரை. தூறல் போய் மழை பிடிச்சிருந்தது. அண்ணன் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தோம். உள்ள அடுப்புல களி. அண்ணனோட அம்மா எங்க ஆறு பேருக்கும் பழைய சேலையைக் கிழிச்சுத் தலை துவட்டக் கொடுத்தாங்க. அப்பா சொன்ன அதே மொச்சைக் கொழம்பு. கூரைக்கு அடியில நீளமா ஒரு கொம்பு செருகியிருந்தது, நடுவுல கை பட்டுப் பட்டு வழவழன்னு. என்னன்னு கேட்டேன். தூளி கட்டற கொம்பாம். ஒடம்பு முடியாதவங்களை, பாம்பு கடிச்சவங்களை, வலியெடுத்த பொம்பளைங்களைக் கீழ எடுத்துட்டுப் போக. மாசமா இருக்கறவங்க நாள் நெருங்கறதுக்கு முன்னாடியே கீழ சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. சில சமயம் குழந்தை நாள் பார்த்து வராது. "ரோடு வந்துட்டா இது வெறகுக்கு ஆவும்"னு அண்ணன் சொன்னார்.

அப்பதான் அந்த அம்மா கேட்டாங்க. "உங்கப்பாரு எப்படி இருக்காரு சாமி? முட்டி வலி தேவலையா?"

"அப்பாவுக்கு என்ன முட்டி வலி?"

"அதான், ஓட்டுக்கு வந்தப்ப எறங்கையில புடிச்சுக்கிச்சே. ஒரு எட்டு வைக்க முடியல. இதே கொம்புலதான் தூளி கட்டி எறக்குனாங்க. எங்க வூட்டுக்காரரு முன்னாடி புடிச்சாரு. வாத்தியாரு வெக்கப்பட்டுக்கிட்டு துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு."

நான் சிரிச்ச சிரிப்புல களி புரையேறிடுச்சு. நடந்தே எறங்குனேன்! பதிமூணு வருஷமா! அங்கயே எல்லாருக்கும் கதையைச் சொல்லி, ஹைதராபாத்துக்காரங்களுக்கு மொழிபெயர்த்தும் சொல்லி, வீட்டுக்குப் போனதும் அப்பாவை எப்படி மாட்டிவிடறதுன்னு எல்லாரும் சேர்ந்து திட்டம் போட்டோம்.

மழை நிக்கலை. மேலூர் போற திட்டத்தை விட்டாச்சு. "ராத்திரி இங்கயே தங்குங்க. பள்ளிக்கூடம் இருக்கு, எங்க வூடு இருக்கு"ன்னு அண்ணன் சொன்னார். திங்கட்கிழமை எங்களுக்கு ரிலீஸ். ஒரு பட்டனோட இடத்தை மாத்தற ரிலீஸ்தான், ஆனா அப்ப அது உலக முக்கியமாத் தெரிஞ்சது. கிளம்பிட்டோம். அண்ணன் மறுபடியும் ஒண்ணும் சொல்லாம எங்களோட இறங்கினார்.

முக்கால் மணி நேரத்துல நடந்தது. காலையில கணுக்கால் அளவு இருந்த ஓடை இப்ப செந்தண்ணியா முழங்காலுக்கு மேல ஓடுது. அண்ணன் குறுக்க நின்னு ஒவ்வொருத்தரா கையைப் பிடிச்சுக் கடத்திவிட்டார். எல்லாரும் கடந்தாச்சு. கடந்தப்புறம், சமதரையில, ஒரு பாசி பிடிச்ச கல்லுல கால் வெச்சு சென்னைக்காரன் வழுக்கினான். கால் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஈரக் குச்சி ஒடியற மாதிரி ஒரு சத்தம். கத்தக்கூட இல்லை, "மச்சி, கால் திரும்பியிருக்கு பாருடா"ன்னு ஆச்சரியமாச் சொன்னான்.

அண்ணன் தன் துண்டைக் கிழிச்சு ரெண்டு மூங்கில் சிம்பை வெச்சுக் கட்டினார். "இங்கயே இருங்க, ஓடைப் பக்கம் போவாதீங்க"ன்னுட்டு திரும்ப மேல ஓடினார். அந்த மழையில, அந்த ஏத்தத்துல, ஓடினார். ஒரு மணி நேரம் நாங்க ஒரு பாறைக்கு ஓரமா அவனைச் சுத்தி உட்கார்ந்திருந்தோம். அவன் பல்லு கிட்டிக்கிட்டே இருந்தது. பாலக்காட்டுப் பொண்ணு அவன் தலையைத் தன் மடியில வெச்சு ரெயின்கோட்டைப் பிடிச்சிருந்தா. "அவர்தானே சீக்கிரம் வரச் சொன்னார், மழை வரும்னு அவருக்கே தெரியலையா?"ன்னு மார்த்தாண்டத்துக்காரன் என்னைக் கேட்டான். குத்தமாக் கேட்கலை, சும்மாதான் கேட்டான். நான் ஷூ லேஸைக் கட்டற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அண்ணனோட சேர்த்து எட்டுப் பேர் வந்தாங்க. அதே கொம்பு. கம்பளியைத் தூளியாக் கட்டி அவனை உள்ள படுக்க வெச்சாங்க. முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி ரெண்டு பேர், கால் மணிக்கு ஒரு தடவை ஆள் மாத்தி. சென்னைக்காரன் 86 கிலோ. வழியெல்லாம் கையளவு தண்ணி படிக்கட்டு மாதிரி குதிச்சு இறங்குது. செங்குத்தான இடத்துல முன்னாடி இருக்கறவங்க கொம்பைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கறாங்க, பின்னாடி இருக்கறவங்க உட்கார்ந்து நகர்றாங்க, தூளி மட்டும் சாயாம வருது. யாரும் அதிகம் பேசலை. "கல்லு", "பள்ளம்", "மாத்து", இவ்வளவுதான். நானும் ஒரு கை பிடிக்கறேன்னு போனேன். பத்தடி நடந்ததும் "வுடுங்க தம்பி, தாளம் தப்புது"ன்னு ஒரு பெரியவர் நகர்த்திவிட்டார்.

அடிவாரம் வர்றப்ப ஏழு மணி. கும்மிருட்டு. அவனைக் கார் பின்சீட்டுல படுக்க வெச்சோம். எங்ககிட்ட இருந்த பணத்தையெல்லாம் சேர்த்து ஒரு அஞ்சாயிரத்தைச் சொச்சத்தை நீட்டினேன். அந்தப் பெரியவர் டார்ச் வெளிச்சத்துல எண்ணி, ஆளுக்கு இருநூறு வீதம் ஆயிரத்து அறுநூறை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். எவ்வளவு கெஞ்சியும் வாங்கலை. "எங்காளுங்களை எறக்குனாலும் இதான். உங்ககிட்ட ஜாஸ்தி வாங்குனா நாளைக்கு ஊருல கேள்வி வரும்." சொல்லிட்டு கொம்பைத் தோள்ல போட்டுக்கிட்டார்.

"இப்பவா போறீங்க? ஓடையில தண்ணி?"ன்னு கேட்டேன். "அதான், இன்னும் ஏர்றதுக்குள்ள போவணும்"னார் அண்ணன். எட்டு டார்ச்சுல நாலுதான் எரிஞ்சது. கொஞ்ச நேரம் தெரிஞ்சது, அப்புறம் மரம் மறைச்சுடுச்சு.

ராசிபுரம் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, அவனை நாமக்கல் கூட்டிட்டு வந்தப்ப மணி பதினொண்ணு. ரெண்டு எலும்பு உடைஞ்சிருந்தது. அப்புறம் பெங்களூர்ல ஆபரேஷன், பிளேட், ஸ்க்ரூ, மூணு மாசம் வீட்டுலேர்ந்து வேலை.

அப்பா வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மத்தவங்க படுத்தப்புறம் கேட்டேன். திட்டம் போட்ட மாதிரி கிண்டலா கேட்க வரலை. "அப்பா, 2011ல நீங்க நடந்தா எறங்குனீங்க?"

"யாரு சொன்னா?"

"அண்ணனோட அம்மா."

கொஞ்ச நேரம் மழையையே பார்த்தார். "பாதி வழிதான் தூளியில"ன்னார். "மொதல்ல தலையைத் துவட்டு." அப்புறம், "அவங்க மேல போய்ச் சேர்ந்துட்டாங்களாமா?"

எனக்குத் தெரியாது. போன் போகலை. அப்பா நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. நானும் படுத்தேனே தவிர தூங்கலை. காலையில டி.வி.யில ஊத்தங்கரையில 50 செ.மீ. மழைன்னு சொன்னான். ஏற்காடு பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்து நின்னுடுச்சு. திருவண்ணாமலையில மலையடிவாரத்து வீட்டு மேல பாறையும் மண்ணும் விழுந்து உள்ள ஏழு பேர் மாட்டியிருக்காங்கன்னு காட்டினான், அவங்கள்ல யாரும் பிழைக்கலை. நான் டி.வி.யை அணைச்சேன், அப்பா திரும்பப் போட்டார்.

பத்தே முக்காலுக்கு அப்பா போன் அடிச்சது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவார்.

"வந்துட்டோம் சார். ஓடை தாண்ட முடியல. பாறைக்கடியில உக்காந்திருந்துட்டு விடிஞ்சதும் கவுறு கட்டிக் கடந்தோம். ஒருத்தனுக்குக் காய்ச்சலு, வேற ஒண்ணுமில்ல. அந்தத் தம்பி காலு எப்படி இருக்குது?"

அப்பா போனை என் பக்கம் நீட்டினார். எலும்பு உடைஞ்சிருக்குண்ணே, ஆபரேஷன் பண்ணணுமாம்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காத்துச் சத்தம் மட்டும் கேட்டது.

"நாந்தான் காலையிலயே வேணாம்னு சொன்னேனே தம்பி."

அப்பா என்னைப் பார்த்தார். உள்ரூம்ல சென்னைக்காரன் மாத்திரை மயக்கத்துல தூங்கிக்கிட்டிருந்தான். அப்பா எழுந்து போய் அந்தக் கதவைச் சத்தமில்லாம சாத்திட்டு வந்து உட்கார்ந்தார். இன்னைக்கு வரைக்கும் அவர் அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் தூளியைப் பத்தி அக்காகிட்ட சொல்லலை.